புச்கு சாப்பிடும்போது அருகே போகாதீர்கள்

துர்க்கையைக் கங்கையில் கரைத்த மறுநாள் மாலை. கூடத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கல்கத்தாவின் பெஹாலாவில் இந்த நாட்களில் வயதில் பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு: காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. சிறியவர்கள் வீடு வீடாக வந்து காலைத் தொடுவார்கள். நாம் தலையில் கை வைத்து ஆசி கூறி, இனிப்புத் தட்டை நீட்ட வேண்டும். இதற்கு பிஜோயா என்று பெயர்.

ஐம்பது தாண்டிய பிறகுதான் எனக்கு இந்தப் பதவி கிடைத்தது. அதுவரை நான் குனிகிற கட்சி.

அன்று கீழ்மாடி தபன்-தா தன் பேத்தி ரிங்கியோடு வந்திருந்தார். தா என்றால் இங்கே அண்ணா. தபன்-தா எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். ரிங்கிக்கு ஆறு வயது, உடம்பில் புது ஃப்ராக். என் மனைவி உமா தட்டில் தேங்காய் உருண்டையும் நிம்கி என்கிற உப்புத் துண்டுகளும் கொண்டுவந்தாள். ஓர் உருண்டை நழுவித் தரையில் ஓடி, என் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தவன் மட்டும் பொருட்படுத்தினான்.

ரிங்கி குனிந்தாள். சின்னக் கை என் பாதத்தை நோக்கி வந்தது. என் வலது கை அவள் தலைக்கு மேல், ஆசிக்குத் தயாராக இருந்தது.

சத்தமே இல்லை. உறுமல் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. கறுப்பாக ஒன்று கீழேயிருந்து கிளம்பியது. ஆசீர்வாதத்துக்கு வைத்திருந்த கையை எப்படிக் கீழே கொண்டுபோனேன், ரிங்கியின் கையை எப்படித் தட்டிவிட்டேன் என்று இன்றுவரை தெரியாது. பற்கள் என் கையில் இறங்கின.

இதைத் தட்டச்சு செய்யும்போதும் மோதிர விரல் சரியாக மடங்கவில்லை. எங்காவது எவர்சில்வர் கிண்ணம் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறேன். ஓட்டலில் கூட.

பொடிசு

அவன் பெயர் புச்கு. வங்காளத்தில் பொடிசு, சுண்டைக்காய் என்றெல்லாம் கொஞ்சுவோமே, அந்த மாதிரிச் சொல். இந்த ஊரில் ஆறடி உயர வங்கி மேலாளரையும் வீட்டில் பாப்பா, குட்டி என்கிற மாதிரி ஒரு பெயரில்தான் கூப்பிடுவார்கள். ஆகவே ராட்வைலர் இனத்து நாய்க்கு அந்தப் பெயரை வைத்ததில் என் மகள் காவ்யாவுக்கு எந்த உறுத்தலும் இல்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் சால்ட் லேக்கில் ஒரு தோழி வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். துணிப்பைக்குள் குட்டி உறங்கிக்கொண்டிருந்தது. கன்னத்திலும் புருவத்திலும் பழுப்புப் பொட்டு. பார்ப்பதற்கு மை கொட்டிய தலையணை மாதிரி இருந்தது.

"ஒரு வாரம்தான்ப்பா. பிடிக்கலேன்னா திருப்பிக் குடுத்துடலாம்" என்றாள்.

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். காவ்யா ஜாதவ்பூரில் படிக்கிறாள். அந்த வருடம் முழுக்க, கல்லூரி விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். கதவுக்கு வெளியே நானும் உமாவும் மாறி மாறி நின்று, உள்ளே ஃபேன் ஓடும் சத்தத்தை வைத்து அவள் மனநிலையைக் கணித்துக்கொண்டிருந்தோம். குட்டி வந்த அன்று அந்தக் கதவு திறந்தே இருந்தது. மறுநாளும் திறந்திருந்தது. திறந்திருந்த கதவுக்காக நான் எதை வேண்டுமானாலும் வீட்டில் வைத்துக்கொண்டிருப்பேன். முதலைக் குட்டியாக இருந்தாலும் சரி.

எனக்கு நாய் என்றால் பயம். காரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு நாய் கெண்டைக்காலைப் பிடித்தது. அந்தக் காலத்தில் நாய்க்கடிக்கு ஊசியைத் தொப்புளைச் சுற்றித்தான் போடுவார்கள். ஊசிக்கு முன் வைத்தியம் வேறு. பக்கத்து வீட்டுத் தெலுங்கு மாமி கடிவாயில் மிளகாய்ப் பொடியை அப்பினார். எதிர்வீட்டு பீகார் மாமா வந்து அதைக் கழுவிவிட்டுக் கடுகெண்ணெய் தடவினார். அப்பா இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு மஞ்சள் பூசினார். நாட்டு ஒற்றுமைக்கு என் கெண்டைக்கால் அன்று ஆற்றிய சேவை யாருக்கும் தெரியாது.

ஆலோசனைக் காலம்

துர்க்கை பூஜைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது குட்டி முதன்முதலாக உறுமியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போனேன். தலையைத் தூக்காமல், வாயைக் கிண்ணத்திலிருந்து எடுக்காமல், வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம். தூரத்தில் லாரி மேடேறுகிற மாதிரி.

தண்ணீர் குடிக்காமல் திரும்பினேன்.

செய்தி லிஃப்டில் ஏறி எல்லா மாடிக்கும் போயிற்று. தபன்-தாதான் முதலில் வந்தார். வாசலில் நின்றபடியே "ஏ தோ பாக், மணி-தா" என்றார். இது புலியாயிற்றே மணி அண்ணா என்று அர்த்தம். வங்காளிகளுக்குப் புலி மேல் ஒரு சொந்தம் உண்டு. ஆகவே அதில் கொஞ்சம் பாராட்டும் இருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சீசாவை எடுத்தார். ஹோமியோபதி. கோபத்துக்கென்றே உள்ள உருண்டைகளாம். அவருடைய மைத்துனர் ஒருவர் இதைச் சாப்பிட்டு, சொத்து வழக்கையே வாபஸ் வாங்கிவிட்டாராம்.

புச்குவுக்கு அந்த உருண்டைகள் மிகவும் பிடித்தன. இரண்டே நாளில் சீசாவைக் காவல் காக்கவும் உறுமத் தொடங்கினான்.

திருச்சியிலிருந்து என் மைத்துனன் தொலைபேசியில் வந்தான். அவன் நாய் வளர்த்ததில்லை. ஆனால் கருத்துகளை நிறைய வளர்த்திருக்கிறான். நம் குடும்ப ஜாதகத்துக்கே நாய் ஆகாது என்றும், திண்டுக்கல் பக்கம் தெரிந்தவர் ஒருவருக்குத் தோட்டம் இருப்பதாகவும் சொன்னான். இந்தத் தேசத்தில் வேண்டாத நாய்கள் அனைத்தும் யாரோ ஒருவருடைய தோட்டத்தில் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தோட்டத்தை நேரில் பார்த்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

கடைசியாக ஒரு பயிற்சியாளரைப் பிடித்தேன். கறுப்புக் கண்ணாடி, இறுக்கமான டி-ஷர்ட். புச்குவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். இந்த வீட்டில் லீடர் யார் என்று கேட்டார். நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். அதுதான் பிரச்சினை என்றார்.

அவர் சொன்ன முறை இது. குட்டி சாப்பிடும்போது பாதியில் கிண்ணத்தை எடுக்க வேண்டும். சற்று வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். உறுமினால் கழுத்தைப் பிடித்துத் தரையோடு அமுக்கி, சத்தம் அடங்கும்வரை விடக்கூடாது. உணவு யாருடையது என்று அதற்கு விளங்க வேண்டும்.

நான் அரசுத்துறை நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். மேலிடத்து உத்தரவு எவ்வளவு அபத்தமோ அவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றுவேன். வேளைக்கு இரண்டு முறை கிண்ணத்தைப் பிடுங்கினேன். உறுமியபோதெல்லாம் அமுக்கினேன். என் கை நடுங்கியது. ஆனால் லீடரின் கை நடுங்கினாலும் லீடரின் கைதானே.

பூஜை நெருங்கும்போது உறுமல் அடியோடு நின்றுவிட்டது. வெற்றி. மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிர் வாங்கிவந்து கொண்டாடினோம். நான் கிண்ணத்தை எடுக்கும்போது புச்கு அசையாமல் நின்று என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். மரியாதை என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு முறை

இங்கே ஒரு சின்ன விலகல்.

உமா மயிலாடுதுறைக்காரி. ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்டியோடு வந்து நிற்காவிட்டால் அவளுக்குக் கை அரிக்கும். போதும் என்றால் அதற்கு ஒரு கரண்டி, போதவே போதும் என்றால் இரண்டு கரண்டி. பயிற்சியாளரின் பேச்சை அவள் காதில் வாங்கவே இல்லை. புச்கு பாதி சாப்பிட்டிருக்கும்போது போய்க் குனிந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமாடா கண்ணு?" என்று கோழியும் சோறும் பிசைந்ததை வைப்பாள். சட்டத்தை மீறுகிறாள் என்று நான் கண்டித்தேன்.

என் வழக்கம் வேறு. எனக்குப் பிறர் தட்டு அப்பளத்தில் தனி ருசி. என் தட்டில் இரண்டு இருந்தாலும் அடுத்தவர் தட்டில் ஓரமாக ஒடித்துக்கொள்வேன். அன்பின் அடையாளமாகவே இதைச் செய்துவந்தேன். நான் அந்தப் பக்கம் திரும்பினாலே காவ்யா முழங்கையால் அணை கட்டுவாள். அதைக் குடும்பத்து விளையாட்டு என்று எண்ணியிருந்தேன்.

சிங்காடாவும் தீர்மானமும்

கடித்த அன்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் தபன்-தாதான். கையில் தையல். பிறகு ஊசி, நல்லவேளை தோளில். ரிங்கியின் மேல் ஒரு கீறலும் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தச் சின்னக் கைதான் வந்தது. நான் ஆசி சொல்வதில் மும்முரமாக இருந்திருந்தால்? ஒரு நொடி தாமதித்திருந்தால்?

சங்கம் கூடியது. கல்கத்தாவில் ஒரு விஷயத்தை முடிக்க வேண்டுமானால் கூட்டம் போட வேண்டும். முடிக்காமல் இருக்க வேண்டுமானாலும் கூட்டம் போட வேண்டும். தேநீரும், இந்த ஊர்ச் சமோசாவான சிங்காடாவும் வந்தன. மூன்றாம் மாடிப் பேராசிரியர், மனிதன்தான் விலங்கிடம் வன்முறையைக் கற்பித்தான் என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். இன்னொருவர் எழுந்து தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவப்படும் என்று கேட்டார். சிங்காடாவில் உருளைக்கிழங்கு குறைந்துவருவது பற்றியும் கவலை தெரிவிக்கப்பட்டது.

நடுவில் ரிங்கி தாத்தாவின் மடியிலிருந்து பேசினாள். புச்குவும் காலைத் தொட்டு ப்ரணாம் செய்யத்தான் வந்தான், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்ததால் மோதிக்கொண்டோம் என்பது அவள் வாக்குமூலம்.

யாரும் சிரிக்கவில்லை. தபன்-தா அவள் கையைத் தன் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார். "மணி-தா, இது சங்கம் பேசவில்லை, நான் பேசுகிறேன்" என்றார் வங்காளத்தில். "எனக்குத் தூக்கம் வரவில்லை. காளி பூஜைக்குள் இதை எங்காவது அனுப்பிவிடுங்கள்."

சரி என்றேன். இங்கே தீபாவளி இரவுதான் காளி பூஜை, மூன்று வாரம்கூட இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. என் வாயால் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து மைத்துனனின் தோட்டத்தைப் பற்றிக் காவ்யாவிடம் பேசினேன், முடிந்தவரை பச்சைப் பசேலென்று.

அவள் அழவில்லை. "அனுப்பிடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே ஃபேன் ஓடும் சத்தம்.

கேட்கப்படாத கேள்வி

மறுநாள் நானே டாக்டரைத் தேடினேன். ஜாதவ்பூரில் ஒரு பெண் கால்நடை மருத்துவர் இருப்பதாகவும், நாய்களின் நடத்தையைத் தனியாகப் படித்தவர் என்றும் சொன்னார்கள். வாய்க்கூடை போட்ட புச்கு, நான், உமா, பேசாமல் காவ்யா, நால்வரும் போனோம்.

நான் கையைக் காட்டினேன், கதையைச் சொன்னேன், பயிற்சியாளரின் முறையையும் பெருமையோடு விவரித்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யாரிடமெல்லாம் உறுமினான் என்று சொல்லிவிட்டீர்கள், யாரிடம் ஒருநாளும் உறுமவில்லை என்று கேட்டார். இத்தனை மாதத்தில் எவரும் கேட்காத கேள்வி.

காவ்யா தன் போனை நீட்டினாள். எப்போதோ எடுத்த வீடியோ. புச்கு சாப்பிடுகிறான். உமாவின் கை கரண்டியோடு வருகிறது. அவன் கிண்ணத்திலிருந்து வாயை எடுத்து, பின்னால் நகர்ந்து, பின்பக்கம் முழுவதும் ஆட, அவள் முகத்தைப் பார்க்கிறான்.

டாக்டர் அதை இரண்டு தரம் பார்த்தார். இந்தக் கை வந்தால் சாப்பாடு கூடுகிறது, உங்கள் கை வந்தால் காணாமல் போகிறது என்றார் என்னிடம். கிண்ணத்தை நோக்கி வரும் மற்ற எந்தக் கையும் திருட்டுக் கை என்று நீங்கள்தான் பாடம் எடுத்திருக்கிறீர்கள், அந்தக் குழந்தையின் கை உருண்டைக்கு அருகே வந்தது என்றார். உறுமலைப் பற்றி அவர் சொன்னதுதான் இன்னும் எனக்குள் கிடக்கிறது. அது எச்சரிக்கை மணியாம். நான் மணியின் நாக்கைப் பிடுங்கிவிட்டு, தீ அணைந்துவிட்டது என்று மிஷ்டி தோய் சாப்பிட்டிருக்கிறேன்.

உமா புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி தமிழில் சொன்னாள்: "நான் பாட்டுக்குப் போட்டேன். சாப்பிடறவங்க தட்டுலேர்ந்து எடுக்கறதெல்லாம் எங்க ஊர்ல பழக்கமில்ல."

காவ்யா அதை டாக்டருக்கு வங்காளத்தில் மொழிபெயர்த்தாள். தேவைக்கு அதிகமான துல்லியத்தோடு.

மாற்ற முடியுமா என்று கேட்டேன். முழுதாக மாறும் என்று சொல்லமாட்டேன் என்றார். விருந்தாளி வந்தால் அவன் தனி அறையில், கதவு சாத்தி. லிஃப்டில் வாய்க்கூடை. சாப்பிடும் இடத்தில் குழந்தை கூடவே கூடாது. இவை எப்போதும். மற்றது, கடி வாங்கியவர்தான் சோறு போட வேண்டும். அதாவது நான்.

பந்தி

கல்யாண வீடுகளில் நான் எப்போதும் முதல் பந்தியில் உட்காரும் ஆள். வாளி தூக்கியதில்லை. பரிமாறுவதற்கு ஒரு நடை உண்டு, அவசரமில்லாத ஒரு குனிவு உண்டு என்பதை ஐம்பது வயதுக்கு மேல், ஒரு ராட்வைலரின் முன்னால் கற்க வேண்டியிருந்தது.

டாக்டர் சொன்னபடி முதலில் தூரத்தில். புச்கு கிண்ணத்தில் வெறும் சோற்றைத் தின்றுகொண்டிருப்பான். நான் சமையலறை வாசலில் நின்று, வேகவைத்த கோழி ஈரல் துண்டு ஒன்றை அவன் பக்கம் எறிந்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். நிற்கக்கூடாது. முறைத்துப் பார்க்கக்கூடாது. நன்றியை எதிர்பார்த்துத் திரும்பிப் பார்க்கவே கூடாது. கடைசி விதிதான் மிகக் கடினம்.

ஆரம்பத்தில் நான் எறிந்தது பாதி வழியில் விழுந்தது. அவன் உடம்பு விறைத்து, கண் ஓரம் வெளுத்து என் கையைப் பார்த்தான். இதற்கு முன் நான் மரியாதை என்று நினைத்தது இந்தப் பார்வையைத்தான். அவனுக்கும் என்னைப் போலவே பயம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒருவர் கையை மற்றவர் கவனித்தபடி ஒரே வீட்டில் இருவர் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

ஒருநாள் மீண்டும் உறுமினான். கைதட்டாத குறையாகக் காவ்யா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, டாக்டர் சொன்ன மணி திரும்ப வந்துடுச்சு" என்றாள். நான் மரியாதையாகப் பின்வாங்கினேன். அவள் கதவைச் சாத்த மறந்துவிட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் குறைந்தது. தெருவில் பட்டாசுச் சத்தம் தொடங்கிய வாரத்தில் எல்லாம் கெட்டு, மறுபடி வாசலில் இருந்து ஆரம்பித்தோம். மைத்துனன் தோட்டத்தைப் பற்றி நினைவூட்டினான். தோட்டக்காரரின் போன் நம்பரைக் கேட்டேன். தேடி அனுப்புகிறேன் என்றான். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

காளி பூஜைக்கு முந்தைய நாள் தபன்-தா வந்தார், தனியாக. கூடத்துக் கிராதிக்கு அப்பால் நின்று பார்த்தார். புச்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கரண்டியோடு போனேன். தையல் போட்ட கை. பாதி வழியில் கால் தயங்கியது உண்மை.

புச்கு கிண்ணத்திலிருந்து வாயை எடுத்தான். ஓர் அடி பின்னால் போனான். உட்கார்ந்தான். என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தான். நான் குனிந்து போட்டேன்.

தன் வீட்டில் தனக்கே யாரும் இப்படிப் பரிமாறுவதில்லை என்றார் தபன்-தா. டாக்டரிடம் போனதைச் சொன்னேன்; அவருடைய விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கண்காணிக்க உபகுழு ஒன்று அமைப்பதாகவும், தானே அதன் தலைவர் என்றும் அறிவித்தார். புச்கு இங்கேயே இருக்கட்டும், ஆனால் ரிங்கி இந்த வாசற்படியைத் தாண்டமாட்டாள் என்றார். அதில் நியாயம் இருந்தது. நானே அவளைத் தாண்ட விடமாட்டேன்.

அடுத்து வந்த ஞாயிறு மதியம். காவ்யா சாப்பிட்டு எழுந்து புச்குவோடு பால்கனிக்குப் போனாள். உமா வழக்கம்போல் கடைசியாக உட்கார்ந்தாள். எனக்கு ஏதோ வேகம். நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் போனேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இடது கை தானாக எழுந்து தட்டின் ஓரத்து அப்பளத்தை மறைத்தது.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். போடத்தான் வந்தேன்."

கை நகரவில்லை. தோள் சற்று விறைத்திருந்தது. எனக்கு மிகவும் பரிச்சயமான விறைப்பு.

அவசரப்படக்கூடாது என்று தெரியும். நெய்யை மேசையில் வைத்தேன். என் தட்டில் மிச்சமிருந்த முழு அப்பளத்தை எடுத்து, அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, நிற்காமல் நடந்தேன்.

நாலு அடி போனதும் பின்னால் அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.